ஓ குரூப் அட்டையை மட்டும் நம்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் ரத்த வங்கி ஆய்வகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். கோயில் திருவிழா, தலைவர் பிறந்தநாள், கல்லூரி விழா என எதற்கும் ரத்ததான முகாம் நடத்தும் ஊர் இது; அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால், ஸ்லைடில் ஒரு சொட்டு ரத்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு, கையோடு ‘ஓ பாசிட்டிவ்’ என்று அட்டை எழுதிக் கொடுத்துவிடுகிறார்களே, அதுதான் என்னை உறுத்துகிறது.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணிடம் அப்படியோர் அட்டை இருந்தது. ரத்தம் கொடுக்க ஓ குரூப் உறவினர்களும் தயாராக வந்திருந்தார்கள். வழக்கப்படி அந்தப் பெண்ணின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, ஓ குரூப் செல்களோடு கலந்து பார்த்தோம். ஓ குரூப்காரரின் சீரம் அந்தச் செல்களை ஒன்றும் செய்யாது. ஆனால் குழாயைத் தட்டியபோது அடியில் இருந்த சிவப்பு கலையவில்லை; ஒரே கட்டியாகப் புரண்டது. அவருக்கு பம்பாய் குரூப்!

1952இல் மும்பையில் டாக்டர் பேண்டே குழுவினர் உலகுக்குச் சொன்ன வகை இது. சிவப்பணுவின் மேல் இருந்து குரூப்பைக் காட்டும் பொருள்தான் ஆன்டிஜென். ஏ, பி ஆன்டிஜென்களுக்கு அடித்தளமான ‘எச்’ ஆன்டிஜென் இவர்களுடைய சிவப்பணுக்களில் கிடையாது; ஏ, பி இரண்டும் இல்லாததால் ஸ்லைடு சோதனையில் ஓ போலவே தெரியும். ஓ குரூப்பிலோ அது நிறைய உண்டு. எனவே ஓ ரத்தம் ஏற்றினாலும் உடம்பு அதைத் தாக்கிச் சிதைக்கும், உயிரே போகலாம். இன்னொரு பம்பாய் குரூப்காரர்தான் கொடுக்க வேண்டும். இந்தியாவில் ஏறக்குறைய 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்பார்கள். 30 லட்சம் பேருக்கு மேல் வாழும் மதுரை மாவட்டத்தில் எத்தனை பேர் கையில் ‘ஓ’ அட்டை இருக்கிறதோ!

தாய், தந்தை இருவர் வழியாகவும் வருவது என்பதால் உடன்பிறந்தவர்களுக்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அந்தப் பெண்ணின் அண்ணன் தோட்ட வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். அவருக்கும் அதே குரூப். சொந்தத்திலேயே பெண் கொடுத்து எடுக்கும் நம் பக்கத்தில் குடும்பத்தையே சோதித்துப் பார்ப்பது அவசியம்.

சிவப்பணுக்களைக் குளிரில் வைத்தாலும் அதிகபட்சம் 42 நாள்தான் தாங்கும். ஆகவே ரத்தத்தைச் சேமிப்பதைவிட, கொடுப்பவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துவைத்திருப்பதே வழி. ஓ என்று எழுதும் முன் சீரம் சோதனை கட்டாயம் என்று சுகாதாரத் துறை எல்லா ஆய்வகங்களுக்கும் உத்தரவிட வேண்டும். அரசு, தனியார் ரத்த வங்கிகள் அனைத்தும் பார்க்கும்படி மாவட்ட அளவில் ஒரே பதிவேடு வேண்டும். அதில் நன்கொடையாளரின் தொலைபேசி எண்ணை ஆண்டுதோறும் சரிபார்க்கவும் ஓர் ஆளை நியமிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
திருமங்கலம்.