நான்காவது பாகம் எங்கே எழுதப்பட்டது

அன்புள்ள தம்பி,

சுங்கை சிப்புட்டில் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு நீ அனுப்பின படத்தை நானும் பார்த்தேன். பேனா பிடிக்கிற கையில் மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சைக் காட்டி, “அவர் குண்டு விழுகிற ஊரில் உட்கார்ந்து எழுதினார்” என்று அக்காவிடம் சொன்னாயாம். எழுதினார்தான். லெனின்கிராட் இசைக் கல்லூரியான கன்சர்வேட்டரியின் கூரையில் தீயணைப்புக் காவலும் பார்த்தார். லெனின்கிராட் முற்றுகை 1941 செப்டம்பர் 8இல் தொடங்கியது. 29ஆம் தேதிக்குள் ஏழாவது சிம்பொனியின் மூன்று பாகங்கள் முடிந்துவிட்டன. ஆனால் அக்டோபர் 1ஆம் தேதி மனைவி பிள்ளைகளோடு விமானம் ஏறிவிட்டார். நான்காவது பாகம் குய்பிஷேவ் என்ற வேறொரு ஊரில், டிசம்பர் 27இல்தான் முடிந்தது. வெளியூரில் முடித்தார் என்பதற்காக அதை லெனின்கிராட் சிம்பொனி இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

அங்கேயே தங்கினவர்களின் கதியைப் பார். அந்தக் குளிர்காலத்தில் பலருக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டிதான். 1942 மார்ச்சில் அதே சிம்பொனியை வாசிக்க எலியாஸ்பெர்க் என்ற இசை நடத்துநர் அந்த ஊர் வானொலி இசைக்குழுவைக் கூட்டியபோது முதல் ஒத்திகை கால் மணி நேரத்தில் நின்றுபோனது. ஸ்கோர், அதாவது எழுதின இசைக்குறிப்பு, கேட்பதோ 8 ஹார்ன், 6 டிரம்பெட், 6 டிராம்போன்; எல்லாம் ஊதுகிற வாத்தியங்கள். பட்டினி கிடந்தால் ஊதுகிறவனுக்குத்தான் முதலில் அடி. வயிற்றுத் தசை மூச்சைத் தாங்காது, நீண்ட சுரம் பாதியில் இறங்கும். உதட்டோரம் தளர்ந்தால் மேல்ஸ்தாயி பிடிக்காது. அதனால் முதலில் கூடுதல் ரேஷன் வாங்கிக் கொடுத்தார்கள். ஆள் போதாமல் படையிலிருந்தும் வாசிக்கிறவர்களை வரவழைத்தார்கள். அப்படித்தான் ஆகஸ்ட் 9 கச்சேரி நடந்தது.

எழுதுகிறவனுக்கும் சோறுதான் முதல். உறுமி நடையை நீ செல்லோவுக்குக் கொண்டுவந்த அந்த முதல் பாகத்தை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறேன். அப்படி எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அப்பாவுக்கு இரண்டு வரி எழுத மட்டும் நேரமில்லை. பரவாயில்லை. காலையில் ஒரு ரொட்டி சானாயாவது சாப்பிட்டுவிட்டு உட்கார். காப்பியிலேயே நாளை ஓட்டாதே. பசியில் எழுதின பக்கத்தை மறுநாள் நீயே கிழிப்பாய்.

மாடி அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். ஸ்கோரை மட்டும் எடுத்து வா, கீபோர்டைத் தூக்கி அலையாதே. பக்கத்து வீட்டில் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். மாமா பேச்சை இங்கே யாரும் எடுக்க மாட்டார்கள், அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். பஸ் டிக்கெட் எடுத்ததும் நேரத்தைச் சொல், ஈப்போ அமான்ஜெயா பஸ் நிலையத்தில் வந்து நிற்கிறேன். ஏறுவதற்கு முன்னால் சாப்பிட்டுவிட்டு ஏறு.

அப்பா