நம் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு திறந்த மடல்: அந்த ஃபார்வர்டை அழித்துவிடுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். குழுவிலேயே எழுதியிருக்கலாம், ஆனால் அங்கே எதை எழுதினாலும் பத்து நிமிடத்தில் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் போய்விடுகிறது. அதனால்தான் பொதுவில்.

முக்கு வீட்டுப் பெரியவர் இறந்த அன்று ராத்திரியே ஒரு ஃபார்வர்டு சுற்ற ஆரம்பித்தது. அமெரிக்காவின் ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைத் தோட்டத்தில், பெயர் தெரியாத போர்வீரரின் கல்லறைக்குக் காவல் இருப்பவர்கள் ஆயுசுக்கும் மதுவைத் தொடக்கூடாதாம், கெட்ட வார்த்தை பேசக்கூடாதாம், இரண்டு வருடம் கல்லறைக்கு அடியிலேயே குடியிருக்க வேண்டுமாம். கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள். நம் பெரியவரும் அங்கே காவல் இருந்தவர்தான், அதனால்தான் இது சுற்றியது. இந்த மூன்றில் ஒன்றும் உண்மை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு அவர் பீர் குடித்ததை நம்மில் பாதிப் பேர் பார்த்திருக்கிறோம். புல்வெட்டும் மெஷின் நின்றுபோனால் அவர் வாயில் வந்ததை என் பையன் வீட்டில் வந்து அப்படியே ஒப்பித்து என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறான்.

2003 இசபெல் புயலில் காவலர்களைக் கிளம்பச் சொல்லியும் மறுத்துவிட்டார்கள் என்று வேறு அதில் இருக்கிறது. அப்படி யாரும் உத்தரவு போடவில்லை. ஆபத்தானால் உள்ளே ஒதுங்கிக்கொள்ளலாம் என்று அனுமதிதான் இருந்தது, அவர்கள் ஒதுங்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

பெரியவர் அங்கே காவல் இருந்தது 1960களின் நடுவில். ராணுவத்தின் 'ஓல்டு கார்டு' என்கிற 3வது காலாட்படைப் பிரிவு, 1948 முதல் அந்தக் காவல் அவர்கள் பொறுப்பில்தான். 1937 முதல் ராத்திரி பகல், பனி மழை, எதற்காகவும் அந்த இடம் காவல் இல்லாமல் இருந்ததில்லை. கறுப்பு விரிப்பில் 21 காலடி நடந்து, கல்லறையைப் பார்த்து 21 நொடி நின்று, திரும்பி, துப்பாக்கியைக் கூட்டம் நிற்கும் பக்கத்துத் தோளுக்கு மாற்றி, மறுபடி நடை. 21 குண்டுகள் முழங்கும் மரியாதைதான் அந்தக் கணக்கு. பதவிச் சின்னம் அணிந்து நடக்க மாட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "உள்ளே படுத்திருப்பவர் என்ன பதவியில் இருந்தார் என்று உனக்குத் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டார்.

போன வருடம் பள்ளி விழாவுக்கு முதல் நாள் என் பையனுக்கு ஷூ பாலிஷ் போடக் கற்றுக்கொடுத்தார். ஒரு மூடியில் பச்சைத் தண்ணீர், கொஞ்சம் பஞ்சு, விரல் நுனி அளவு பாலிஷ். சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும், அழுத்தக்கூடாது. ஒரு ஷூவின் முனைக்கே முக்கால் மணி நேரம் ஆனது, பையன் நடுவில் ஐபேடுக்கு ஓடிவிட்டான், அவர் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தார். துப்பாக்கியின் மரம் வழுக்காமலிருக்க வெள்ளைக் கையுறையை நனைத்துப் போட்டுக்கொள்வார்களாம். ஜனவரியிலுமா என்றேன். ஜனவரியிலும்தான்.

அன்றைக்குத்தான் அதையும் சொன்னார். என் வயதுப் பையன்கள் வியட்நாமில் செத்துக்கொண்டிருந்தபோது நான் இங்கே நடந்துகொண்டிருந்தேன், யாரையும் சுட்டதில்லை, யாரும் என்னைச் சுட்டதில்லை, என்னைப் போய் வீரர் என்கிறார்கள் என்று. நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

முதல் உலகப்போரில் இறந்தவரை அங்கே அடக்கம் செய்தது 1921 நவம்பர் 11. பிரான்சில் நான்கு பெட்டிகளை ஒரே மாதிரி வைத்து, எட்வர்டு யங்கர் என்ற சார்ஜென்டிடம் வெள்ளை ரோஜாக்களைக் கொடுத்து, எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடு என்றார்கள். அவர் பூ வைத்த பெட்டிதான் இங்கே வந்தது. நம் ஊர் நடுகல்லில் செத்தவன் பெயர், ஊர், மாடு மீட்கப் போய்ச் செத்தானா என்பதுகூடச் செதுக்கியிருக்கும் என்று பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன். "பெயர் தெரியவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" என்றார். முழித்தேன்.

1958இல் இரண்டாம் உலகப்போர், கொரியப் போர் இரண்டிலிருந்தும் ஒவ்வொருவரைக் கொண்டுவந்தார்கள். இவர் காவல் இருந்தது இந்த மூவருக்கு. 1984இல் வியட்நாமிலிருந்து ஒருவர் வந்தார், ஆனால் 1998இல் தோண்டி எடுத்து டிஎன்ஏ சோதனை செய்ததில் அவர் மைக்கேல் பிளாசி என்ற விமானப்படை அதிகாரி என்று தெரிந்தது. உடலைக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டார்கள், அந்தக் குழி இன்றைக்கும் காலி. பெரியவருக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் முகம் மலர்ந்துவிடும். காவல் காத்த கல்லறை காலியாவதில் ஒரு காவல்காரருக்கு என்ன சந்தோஷம் என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். அந்த ஃபார்வர்டைப் போட்டவர் யார் என்று நான் சொல்லப்போவதில்லை, தயவுசெய்து அழித்துவிடுங்கள். பெரியவரின் மகள் நம் குழுவில் இருக்கிறார், தமிழ் தெரியாது, ஆனால் மொழிபெயர்த்துப் படித்துவிடுகிறார்.

அப்புறம், வருகிற சனிக்கிழமை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஆர்லிங்டன் போகலாம். இப்போது அக்டோபர், காவல் மாறுவது மணிக்கு ஒரு தடவைதான், தவறவிட்டால் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். காவல் மாறும்போது எழுந்து நிற்க வேண்டும், பேசக்கூடாது. மூன்று வருடம் முன்னால் நம் கும்பல் போட்ட சத்தத்தில் காவலர் நடையை நிறுத்தி நம்மைப் பார்த்து அமைதி காக்கச் சொல்லிக் கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. போனை காரிலேயே வைத்துவிடலாம். மேட்டில் நிறைய ஏற வேண்டும், முட்டி வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

யார் யார் வருகிறீர்கள், எத்தனை கார் என்று வெள்ளிக்கிழமைக்குள் குழுவில் போட்டால் போதும்.