ஐயாட்டக் கேட்டு எழுதுங்கோ

ஹொன்னிங்ஸ்வோக், நோர்வே
22.01.1995

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்கள், அத்தான், பிள்ளையள், அம்மா, ஐயா, தம்பி எல்லாரும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுறன்.

உங்கட கடிதம் நத்தாருக்கு முதல் கிழமை கைக்கு வந்தது. நீங்கள் எழுதின திகதி ஓகஸ்ட் 30. கிளாலிக் கடல்வழியால வந்த ஆரோ ஒரு புண்ணியவான் கொழும்பில முத்திரை ஒட்டிப் போட்டிருக்கிறார். கடதாசியில இன்னும் மண்ணெண்ணை மணக்குது. ஜாம் போத்தல் விளக்கைக் கிட்ட வைச்சு எழுதியிருப்பியள். வந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் நான் பதில் போடேல்ல. வேலை கூட எண்டு எழுதினால் அது பொய். மூண்டு தரம் எழுதத் தொடங்கினனான். மூண்டு தரமும் கடைசிப் பக்கத்தில நீங்கள் எழுதின அந்த வரிக்கு வர பேனை நிண்டிட்டுது. "சின்னவளின்ர கலியாணமும் முடிஞ்சுது. உன்ர கடமை எல்லாம் செய்திட்டாய். இனி நீ உனக்கெண்டு என்ன செய்யப் போறாய்?"

அதுக்குப் பதில் கடைசியில எழுதுறன். முதல் இஞ்சத்தைப் புதினம்.

நவம்பரில போன சூரியனை இன்னும் காணேல்ல. மேகம் விலகினால் இந்தக் கிழமை மலைக்கு மேல ஒரு கீறு தெரியும் எண்டு வேலையில கதைக்கினம். மத்தியானத்தில ரெண்டு மணித்தியாலம் மட்டும் ஒரு நீல வெளிச்சம் வரும், எங்கட ஊரில விடியப்புறம் அஞ்சரை மணி மாதிரி. பேந்து இருட்டு. குளிர் நீங்கள் பயப்பிடுற அளவுக்கு இல்லை. இவ்வளவு வடக்கில இருந்தும் துறைமுகத்துக்கடல் உறையாது, தெற்கிலயிருந்து வாற சூட்டு நீரோட்டம் காரணமாம். காத்துத்தான் பொல்லாதது. தீவில மரம் எண்டு சொல்ல ஒண்டும் இல்லாதபடியால் கடலில கிளம்பின காத்து நேரே வந்து முகத்தில அடிக்கும். கரையிலயிருந்து இந்தத் தீவுக்கு இப்ப படகிலதான் வரவேணும். கடலுக்கு அடியால சுரங்கம் வெட்டுறதுக்கு 1993 இலயே தொடங்கீட்டினம். கடலுக்குக் கீழால கார் ஓடப்போகுது எண்டு பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ, நம்பமாட்டினம்.

நத்தாருக்குக் கூழ் காய்ச்சினன். 1992 இல அம்மா குஞ்சியப்புவிட்டக் குடுத்துவிட்ட ஒடியல் மாவில கடைசியா ஒரு சுண்டு மிச்சம் வைச்சிருந்தனான். தொர்ஸ்க் எண்ட மீனின்ர தலை ரெண்டு, இஞ்சத்தை இறால், பயித்தங்காய்க்குப் பதிலா ஐஸ்பெட்டிப் போஞ்சி, மரவள்ளிக்குப் பதிலா உருளைக்கிழங்கு. பலாக்கொட்டை இல்லை. முருங்கையிலை இல்லை. புளியும் செத்தல் மிளகாயும் நெடுந்தீவு அண்ணை ஒஸ்லோவில இருந்து அனுப்பினவர். மீன் தலை இஞ்ச கேட்டால் சும்மா தருவினம். மிச்சத் தலையளை மரச்சட்டத்தில தூக்கிக் காயவிட்டு நைஜீரியாவுக்கு ஏத்துகினம், அங்க அதுக்கு நல்ல விலையாம். கூழ் பொங்கேக்க வீடு முழுக்க அம்மாவின்ர குசினி மணந்தது. குடிக்கப் பிலாவிலைக்கு எங்க போறது? கோப்பையில ஊத்தினன். பெரிய சட்டி. பழக்கத்தில நாலு பேருக்கு வைச்சிட்டன்.

நெடுந்தீவு அண்ணையும் பருத்தித்துறைப் பெடியனும் ஐப்பசியோட ஒஸ்லோவுக்குப் போட்டினம் எண்டு எழுதினனான்தானே. அதால அறை எனக்குத் தனிய, நல்ல வசதி. தையில மீன்வரத்துக் குறைவு, தொழிற்சாலை கிழமைக்கு மூண்டு நாள்தான். நல்ல ஓய்வு கிடைக்குது. சீட்டுக் காசு மட்டும் வாற வைகாசி வரைக்கும் கட்டவேணும். அதைப்பற்றி நீங்கள் யோசிக்கவேண்டாம்.

மிச்சக் கூழைக் கீழ்வீட்டுக் கிழவருக்குக் கொண்டுபோய்க் குடுத்தன். மனுசன் வேர்க்க வேர்க்கக் குடிச்சிட்டு, கோப்பையைத் திரும்ப நீட்டினார். மற்ற நாள் அவிச்ச தொர்ஸ்கும் அதின்ர ஈரலும் சினையும் ஒரு சட்டியில கொண்டுவந்து கதவடியில வைச்சார். உப்பு மட்டும்தான் போட்டது. ஈரலின்ர எண்ணையை மீனில ஊத்திச் சாப்பிடவேணும் எண்டு கையால காட்டினார்.

இந்தக் கிழவரைப் பற்றி நான் முழுக்க எழுதேல்ல. தனி ஆள். விடிய ஆறு மணிக்கு, எந்தக் காத்திலயும், துறைக்குப் போய்க் கட்டிநிக்கிற போட் எல்லாத்தையும் ஒவ்வொண்டாப் பார்த்துக்கொண்டு வருவார். அவருக்கெண்டு இப்ப போட் இல்லை. வீட்டுக்குப் பின்னால ஒரு கொட்டில் இருக்கு. அதுக்குள்ள ஒரு மரக்குத்தியில பூட்டின பழைய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். ஒவ்வொரு ஞாயிறும் அதைக் கையால சுத்தி ஸ்ராட் பண்ணி, அரை மணித்தியாலம் ஓடவிட்டு, துடைச்சு மூடிவைப்பார். அது எந்தப் போட்டையும் தள்ளப் போறதில்லை. ஊரில சில பேர் அவரை விசர் எண்டு சொல்லுறவை. நானும் முதல் அப்பிடித்தான் நினைச்சனான்.

பெடியள் ரெண்டு பேரும் ஒஸ்லோவுக்குப் போன அந்தக் கிழமையில வந்த ஞாயிறு. நான் நல்ல நித்திரை. டுக், டுக், டுக் எண்டு கேக்குது. அரை நித்திரையில, ஐயா என்னை விட்டிட்டுக் கடலுக்குப் போறார் எண்டு நினைச்சு, கொடியில சாரத்தைத் தேடிக் கையை நீட்டினன் அக்கா. சுவர்தான் கையில பட்டுது. மயிலிட்டிக் கரை, அந்த நேரத்து உப்புக் காத்து, அம்மா தேத்தண்ணிப் போத்தலோட படலையில நிக்கிறது, எல்லாம் கண்ணுக்கு முன்னால வந்து போச்சு. அண்டைக்கு நான் அழுதனான். இந்த இடத்தை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டவேண்டாம்.

நான் எப்பிடி இருந்தனான் எண்டதையும் உங்களுக்கு மட்டும் சொல்லுறன். ஏழு வருசமாச் சம்பளம் வந்த அண்டைக்கு ராவு என்வலப் எடுத்துப் பேர் எழுதிக் காசைப் பிரிக்கிறது என்ர பழக்கம். முதல் ஏஜென்சிக் கடன். பேந்து ஈடு வைச்ச உங்கட காணி. பேந்து சின்னவளின்ர சீதனம். அந்தப் பேருகள்தான் என்னை விடிய எழுப்பி, கத்தியைக் கையில தந்து, லைற் மேசைக்கு முன்னால எட்டு மணித்தியாலம் நிக்க வைச்சது. மீன் சதைக்குள்ள புழு தேடுற வேலை, அக்கா. ஏன் செய்யிறன் எண்டு ஒருநாளும் யோசிச்சதில்லை. போன ஓகஸ்டில சீட்டுக்கு ஒண்டு, வீட்டுச் செலவுக்கு ஒண்டு எண்டு எழுதிப்போட்டு, மூண்டாவது என்வலப்பைக் கையில வைச்சுக்கொண்டு இருந்தன். எழுதப் பேர் இல்லை. கடமை முடிஞ்சால் சந்தோசம் வரவேணும்தானே? எனக்குக் கை காலில பெலன் போனமாதிரி இருந்தது. நீங்கள் கேட்ட கேள்வியை நான் அதுக்கு முதலே என்னட்டக் கேட்டுக் களைச்சிருந்தனான்.

அதுக்குப் பிறகு ஞாயிறுகளில கிழவற்ற கொட்டிலுக்குப் போகத் தொடங்கினன். முதல் நாள் ஒண்டும் கதைக்கேல்ல, எஞ்சினில கையை வைக்கச் சொன்னார், அவ்வளவுதான். பேந்து ஒரு ஞாயிறு எண்ணைக் குழாய் அடைப்பெடுக்கப் பழக்கினார். பேந்து இஞ்செக்ரரைக் கழட்டிப் பூட்ட. பிழையாப் பூட்டினால் வாயால சொல்லமாட்டார். திரும்பக் கழட்டி என்ர கையில தருவார்.

அவர் கதையைத் துண்டு துண்டாத்தான் சொன்னவர். 1944 இல இந்தப் பக்கத்தை விட்டு ஓடேக்க ஜேர்மன் ஆமி பின்மார்க் எண்ட இந்த மாகாணம் முழுக்க எரிச்சுப்போட்டுப் போனவங்களாம். ஏறத்தாழ 50,000 சனத்தை வெளியேத்தினவை. இந்த ஊரில மிஞ்சினது ஒரே ஒரு கட்டடம், 1885 இல கட்டின தேவாலயம். நான் ஞாயிறு பூசைநேரம் போய்க் கடைசி வாங்கில இருக்கிற அதே வெள்ளைக் கோயில். அடுத்த வருசம் திரும்பிவந்த முதல் ஆக்கள் அதுக்குள்ளதான் படுத்து எழும்பினவை. கிழவருக்கு அப்ப பதினாலு வயசு. சொன்னபடி கேட்டு ஏறின போட்டில இருந்து ஊர் எரியிறதைப் பார்த்தவராம். திரும்பி வந்து முதல் என்ன கட்டினீங்கள் எண்டு கேட்டன். "இறங்குதுறை. வீடு பிறகு" எண்டார்.

எனக்கு 1990 யூனில நீங்கள் எல்லாரும் மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டது ஞாபகம் வந்தது. நான் அங்க இல்லை, நீங்கள் எழுதித்தான் தெரியும். அம்மா உலையில அரிசியோட விட்டிட்டு வந்தது, ஐயா போட்டைக் கரையில இழுத்துக் கட்டிப்போட்டு நாலு நாளில வருவம் எண்டு சொன்னது. அஞ்சாவது வருசம் நடக்குது. எங்கட காணிக்கை மாதா கோயில் நிக்குதோ எண்டு அறிய ஆக்களில்லை. நான் கிழவரிட்ட இதை அரைகுறை நொஷ்க்கில, இந்த நாட்டுப் பாசையில, சொன்னன். அவர் எழும்பிப்போய்க் கோப்பி ஊத்திக்கொண்டுவந்து தந்தார்.

இப்ப உங்கட கேள்விக்கு வாறன். ஒஸ்லோவுக்கு வரச்சொல்லி நெடுந்தீவு அண்ணை ஒவ்வொரு கிழமையும் ரெலிபோன் எடுக்கிறார். ரெஸ்ரோறன்ற் வேலை இருக்கு, எங்கட சனம் இருக்கு, தமிழ்ப் பூசை இருக்கு. போறதில பிழையில்லை. நான் பெட்டியும் அடுக்கினனான். ஆனால் போய் என்ன செய்யப்போறன் எண்டு கேட்டால், திரும்ப என்வலப்பில பேர் தேடுறதுதான்.

இந்த ஊரிலயே கடற்றொழில் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் ஒண்டு இருக்கு. தை பிறந்து மூண்டாம் நாள் வேலைச் சப்பாத்தோடயே போய் விசாரிச்சன். படிப்பிக்கிறவர் ஒருத்தர் இருத்திக் கதைச்சார். "கடலுக்குப் போயிருக்கிறியோ?" எண்டு கேட்டார். ஏழு வருசம் மீன் வெட்டுறன் அக்கா, இந்த நாட்டில ஒருத்தரும் என்னட்ட அதைக் கேட்டதில்லை. பன்ரெண்டு வயசிலயிருந்து ஐயாவோட போனனான் எண்டன். என்ன போட் எண்டார். காரைநகரில கட்டின சீநோர் போட் எண்டு சொன்னன். மனுசன் கதிரையில நிமிர்ந்திட்டார். அவருக்குச் சீநோர் தெரியும்! 1956 இல இந்த நாட்டுக்கு வந்த ராஜேந்திரம் எண்ட எங்கட ஆள் நோர்வேச் சனத்தின்ர உதவியோட 1967 இல தொடங்கினது அது எண்டு அவர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார். காரைநகரில போட், குருநகரில வலை. ஐயாவின்ர போட்டில ஏறித் திரிஞ்ச எனக்கு, "நோர்" எண்டது இந்த நாடு எண்டு முந்தி விளங்கேல்ல.

கப்பல் எஞ்சின் படிக்கப்போறன். ஓகஸ்டில தொடங்கும், ரெண்டு வருசம். பாசைச் சோதனை ஒண்டு பாஸ் பண்ணவேணும், அதுக்கு ராவில படிக்கிறன். முடிச்சு இஞ்ச ஒரு போட்டில ஏறுவனோ, கடவுள் வழி விட்டு மயிலிட்டிக் கரையில கொட்டில் போடுவனோ, அது இப்ப தெரியாது. ஆனால் விடிய எழும்பேக்க எதுக்கு எழும்புறன் எண்டு தெரியுது. மூண்டாவது என்வலப்பில "எஞ்சின்" எண்டு எழுதி வைச்சிருக்கிறன்.

இதில உங்களிட்டக் கேக்க ஒண்டு இருக்கு, கேக்கக் கூச்சமா இருக்கு. படிக்கிற காலத்தில வேலை சனி, ஞாயிறிலதான் செய்யலாம். உண்டியல்காரரிட்டக் குடுத்து மாதம் 2,000 குறோணர் அனுப்புறதை ஓகஸ்டிலயிருந்து 1,000 ஆக்கவேண்டி வரும். உங்களால சமாளிக்க ஏலாட்டி ஒளிக்காமல் எழுதுங்கோ, நான் ஒரு வருசம் பிந்தித் தொடங்குறன். அத்தானோடயும் கதையுங்கோ.

அதுக்கு முதல் அம்மாவின்ர கண் ஒப்பரேசனை முடியுங்கோ. போர்நிறுத்தம் எண்டு ரேடியோவில கேட்டனான், இந்தச் சந்தர்ப்பத்தை விடவேண்டாம். காசு மாசியில வரும், சுன்னாகத்து ஆளிட்டயே எடுங்கோ.

தம்பி வெளிக்கிட வேணும் எண்டு நிக்கிறான் எண்டு எழுதியிருந்தியள். அம்மாவின்ர காப்பில கைவைக்க வேண்டாம். ஏ.எல். சோதனையை எழுதட்டும். அவனைப் பேசவும் வேண்டாம், அக்கா. கூப்பிட்டு இருத்தி, அவனுக்கு என்னதான் விருப்பம் எண்டு ஒருக்காக் கேளுங்கோ. 21 வயசில நான் வெளிக்கிடேக்க ஆரும் அப்பிடிக் கேக்கேல்ல. கேட்டிருந்தால் நான் முழிச்சிருப்பன், எண்டாலும் யோசிக்கத் தொடங்கியிருப்பன்.

மயிலிட்டி வளவு உறுதியைத் தகரப்பெட்டியில வெறுமனே வைக்கவேண்டாம், கறள் பிடிக்கும். பொலித்தீனில சுத்தி வையுங்கோ. மாரியில பொலிகண்டி வீடு ஒழுகினது எண்டு சின்னவள் எழுதினவள்.

கடைசியா ஐயா. ஒருத்தரோடயும் கதைக்காமல் கரையில போய்க் குந்தியிருக்கிறார் எண்டு எழுதியிருந்தியள். இந்தக் கடிதத்தை அவருக்கு நீங்கள் வாசிக்கவேண்டாம், தம்பியை எஞ்சின் கதை வரைக்கும் வாசிக்கச் சொல்லுங்கோ. பேந்து கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில இருந்து கேக்கட்டும். எங்கட போட்டின்ர எஞ்சின் என்ன கொம்பனி, எத்தனை குதிரைவலு, ஆர் பூட்டினது, வடகடலில ஒருக்கா நிண்டுபோனபோது ஐயா எதைக் கழட்டித் திரும்ப ஓடவைச்சவர்? நான் அணியத்தில ரோச் பிடிச்சுக்கொண்டு நிண்டனான், பார்க்கேல்ல. கிழவரும் கேட்டுக்கொண்டு இருக்கிறார். ஐயா சொல்லச் சொல்ல அப்பிடியே எழுதி அனுப்புங்கோ.

உங்கள் அன்புத் தம்பி