குப்பைச் சிற்பம் நிலைக்க வேண்டுமானால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கழித்துப் போட்ட கார் பம்பர், எரிந்த குப்பைத்தொட்டி, டயர் ஆகியவற்றைக் கொண்டு சுவரளவு விலங்குகளைச் செய்பவர் லிஸ்பன் தெருக்கலைஞர் அர்த்தூர் பொர்தாலோ. 1987-இல் பிறந்தவர், ஓவியரான தாத்தாவின் நினைவாக ‘இரண்டாம் பொர்தாலோ’ என்ற பெயரில் இயங்குகிறார். போர்ச்சுகலின் வில நோவ ட கையா நகரில், ஒரு கட்டட மூலையில் 2017-இல் அவர் அமைத்த முயலின் ஒரு பாதிக்குத்தான் வண்ணப்பூச்சு. மறுபாதியில் பிளாஸ்டிக்கின் சொந்த நிறங்கள் அப்படியே தெரிகின்றன. குப்பையைக் குப்பையாகவே காட்டும் அந்தத் துணிவுதான் அவர் கலையின் பலம் என்பது எங்கள் கருத்து.

நம் மாநகராட்சிகளும் பூங்காக்களிலும் ரவுண்டானாக்களிலும் கழிவுப்பொருள் சிற்பங்களை வைத்து வருகின்றன. இரும்பு உதிரிகள் என்றால் வெல்டிங் போதும். பிளாஸ்டிக்குக்கு அந்த முறை உதவாது.

முதலில் தரம் பிரிக்க வேண்டும். பம்பரின் உட்புறத்தில் ‘பிபி’ என்றோ ‘பிபி + இபிடிஎம்’ என்றோ ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருக்கும். அது பாலிபுரொப்பிலீன் வகை; இபிடிஎம் என்பது அதில் கலக்கும் ரப்பர். பிவிசி துண்டுகளைத் தனியே ஒதுக்கி ரம்பத்தால் மட்டுமே அறுக்க வேண்டும். சூடான கத்தி பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். அது நுரையீரலை அரிக்கும்.

அடுத்தது இணைப்பு. பெரும்பாலான சிற்பங்கள் கெடுவது இங்கேதான். வெப்பநிலை 30 டிகிரி கூடினால் ஒரு மீட்டர் பம்பர் சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளும். பின்னால் தாங்கும் இரும்பு ஆங்கிள் அரை மில்லிமீட்டர்கூட நீளாது. இரு முனையையும் இறுக்கி முடுக்கினால் துளையைச் சுற்றி வெடிப்பு விடும். ஒரு முனையை மட்டும் இறுக்கிவிட்டு, மற்ற இடங்களில் 6 மி.மீ. போல்ட்டுக்கு 8-க்கு 12 மி.மீ. நீள்துளை போடுங்கள். 25 மி.மீ. அகல வாஷரும் நைலான் பூட்டு நட்டும் வைத்து, முழுக்க இறுக்கியபின் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். கடலோர ஊர்களில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டை அலுமினியத் தகட்டில் நேரடியாக முடுக்கக் கூடாது. உப்புக் காற்றில் அலுமினியம் அரித்துப்போகும். இடையில் நைலான் வாஷர் வேண்டும்.

பாலிபுரொப்பிலீனில் பெயிண்ட் தானாக ஒட்டாது. சோப்புநீரில் கழுவி, 320 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அந்தப் பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் பிரைமரை மெல்லிய ஒரு பூச்சு அடித்த பிறகே ஸ்ப்ரே பெயிண்ட். பிரைமரை விட்டுவிட்டால் பெயிண்ட் தோல்தோலாக உரியும். டயருக்கு வெளிர்நிறம் அடிக்காதீர்கள். ரப்பரில் கலந்துள்ள பாதுகாப்பு ரசாயனம் மேலே கசிந்து பழுப்புக் கறையாகும். டயர் கறுப்பாகவே இருக்கட்டும், அழகும் அதுதான்.

டயர், வாளி, மூடி என எதில் நீர் தேங்கினாலும் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஒவ்வொன்றின் தாழ்வான இடத்திலும் 10 மி.மீ. வடிதுளை கட்டாயம். இந்தப் பொருள்கள் எளிதில் தீப்பற்றுபவை என்பதால் மின்பெட்டி, டிரான்ஸ்பார்மர் அருகே வைக்கவே கூடாது.

ஒப்பந்தப்புள்ளியில் உயரமும் தொகையும் மட்டும் எழுதினால் போதாது. எந்தப் பிளாஸ்டிக், எந்த போல்ட், எத்தனை வடிதுளை என்பதையும், பராமரிப்புக்கான தனித்தொகையையும் சேர்க்க வேண்டும். காயலாங்கடையில் கிடைக்காத பாகத்துக்குப் புதுப் பிளாஸ்டிக் வாங்கி ஒட்டுவதைத் தடை செய்ய வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே, ஒவ்வொரு போல்ட்டையும் வடிதுளையையும் சோதித்துக் கையொப்பமிடும் பொறுப்பை ஒரு பொறியாளரிடம் பெயர் குறித்து ஒப்படைக்குமாறு மாநகராட்சி ஆணையர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கழிவுப்பொருள் சிற்பத் தொழிலாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.