அப்பத்தாவின் நோட்டில் பேர் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும்

பள்ளத்தூரில் எங்கள் அப்பத்தாவைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் வணக்கம்.

காரியம் எல்லாம் முடிந்து, வந்த உறவுகளும் ஊர் திரும்பியாச்சு. வளவு வீட்டில் இப்போது நானும் அப்பாவும் மட்டும்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வந்து சொல்ல வேண்டும், வருவேன். ஆனால் பாதிப் பேருடைய வீடு எனக்குத் தெரியாது, சிலருடைய பேர்கூடத் தெரியாது, அதனால் முதலில் எழுதிவிடுகிறேன்.

ஐப்பசி மழையில் வளவுப் படியில் வழுக்கி விழுந்தபோது அப்பத்தாவுக்கு 88 வயது. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீண்டு கிடக்கும் வீட்டில் ராத்திரி தனி ஆள், கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? பக்கத்து வீட்டு அத்தைக்கும் கேட்கவில்லை. ஒன்பது மணிக்கு அணைகிற அடுப்படி விளக்கு பத்தரை ஆகியும் எரிகிறதே என்று அவர்களாகவே வந்து பார்த்திருக்கிறார்கள். அத்தை, நீங்கள் அன்றைக்குப் படுத்துத் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

கொட்டுகிற மழையில் ஆட்டோவைக் கொண்டுவந்து, அப்பத்தாவைப் பலகையோடு தூக்கி வைத்து, முதலில் போன இடத்தில் டாக்டர் இல்லை என்றதும் முகம் சுளிக்காமல் அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஓட்டிய அண்ணனுக்கும், இடுப்பு ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும் என்றதும் காலேஜை விட்டு வந்து கொடுத்துவிட்டு ஒரு ஜூஸ்கூடக் குடிக்காமல் பஸ்ஸைப் பிடித்துப் போன இரண்டு தம்பிகளுக்கும் நன்றி. அப்புறம் எங்கள் அக்கா. வீட்டுக்கு வந்த பிறகு 41 நாள் நீங்கள்தான் அப்பத்தாவோடு படுத்தீர்கள். ராத்திரியிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அலாரம் வைத்து எழுந்து திருப்பிப் படுக்க வைத்தீர்கள். கடைசி வரை உடம்பில் ஒரு படுக்கைப் புண் இல்லை. குளிப்பாட்டிய பெண்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு விவரமாக எழுத ஒரு காரணம் உண்டு. அப்பத்தா ஒரு நோட்டு வைத்திருந்தார். சாதாரண நாற்பது பக்க நோட்டு, ஒன்று தீர்ந்தால் இன்னொன்று, இரும்புப் பெட்டிக்குள் பதினேழு கிடந்தது. செட்டிநாட்டு வீடுகளில் கணக்கு நோட்டு அதிசயமில்லை, ஆனால் இதில் கொடுத்தது ஒரு வரிகூட இல்லை, வாங்கியது மட்டும்தான். பென்சிலால் மூன்று பத்தி: யார், என்ன, பதிலுக்கு என்ன. 'கீழ வீட்டுப் பெரியம்மா. மோர் மிளகாய் அரைப்படி, வாளித் தூக்கில். சீடை வைத்துக் கொடுத்தது.' அந்த மூன்றாவது பத்தி நிரம்பாத வரைக்கும் தூக்கு எங்கள் வீட்டிலேயே இருக்கும். சின்ன வயதில் கழுவிய கிண்ணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு ஓடப் பார்ப்பேன், "வெறும் பாத்திரமாக் கொண்டு போகாத ஆத்தா" என்று வாசலில் பிடித்து நிறுத்துவார். வீட்டில் ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போடுவார்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் கேட்டேன். 1942-இல் ஜப்பான்காரர்கள் பர்மாவுக்குள் வந்தபோது அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, ரங்கூனில் கடைக்கு இருந்தவர். கப்பல் கிடைக்காமல், ஆயிரக்கணக்கான பேரோடு காட்டையும் மலையையும் நடந்தே கடந்து ஊர் வந்து சேர்ந்தார். அப்போது அப்பத்தாவுக்கு 6 வயது. வந்தவர் விட்டுவிட்டு வந்த பணத்தைப் பற்றிப் பேசவே இல்லையாம். வழியில் கஞ்சி ஊற்றியவர், ஒரு ராத்திரி ஒண்ட இடம் கொடுத்தவர், காய்ச்சலில் கிடந்தபோது மூட்டையைச் சுமந்து வந்தவர் என்று அவர்களைத்தான் சொல்லிக்கொண்டே இருப்பாராம். "அவுக யாரு பேரும் அப்பச்சிக்குத் தெரியலை, எழுதி வைக்க முடியலையேன்னு சாகுற வரைக்கும் குறைப்பட்டாக" என்றார் அப்பத்தா. சித்திரை வெயிலில் எங்கள் திண்ணையில் யார் வந்து உட்கார்ந்தாலும் மோர் போனது ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசி நோட்டில் கையெழுத்து அக்காவுடையது. அப்பத்தா படுத்தபடி சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறீர்கள். 'ஆட்டோ. காசு வாங்கவில்லை.' 'ரத்தம், இரண்டு பிள்ளைகள், பேர் கேட்க வேண்டும்.' 'கும்மாயம், ஒரு கிண்ணம், வாய்க்கு ருசியாக இருந்தது.' நீங்கள் செய்ததை மட்டும் நீங்கள் எழுதவில்லை அக்கா, அதை நேற்று நான் எழுதினேன். மூன்றாவது பத்தி எல்லாவற்றுக்கும் காலி.

அப்பத்தாவுக்குச் சாப்பாடு வந்த பாத்திரங்கள் பட்டாலைக் கூடத்தில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கின்றன. பேர் வெட்டியிருந்தவற்றைக் கொடுத்துவிட்டேன். நீல மூடி டிபன் பாக்ஸ் ஒன்று, பிடி ஆடுகிற பித்தளைத் தூக்கு ஒன்று, அடியில் 'மு.சி' என்று வெட்டிய எவர்சில்வர் கிண்ணம் இரண்டு, இவை யாருடையவை என்று தெரியவில்லை. தை முடியும் வரை நான் இங்கேதான் இருப்பேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வருஷம் எங்கள் வீட்டில் பலகாரம் சுடுவதில்லை, அதனால் ஒவ்வொன்றிலும் கவுனி அரிசி போட்டு வைத்திருக்கிறேன்.