உள்ளூரில் உழைத்த வருடங்களையும் கணக்கில் எடுங்கள்

சர்வதேச வளர்ச்சிப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் அமைப்புகளின் மனிதவள அதிகாரிகளுக்கு,

வணக்கம். வெளிநாட்டுக்குப் போய் வளர்ச்சிப் பணி செய்ய விரும்பும் இளைஞர்கள் உங்கள் அறிவிப்புகளில் திரும்பத் திரும்ப முட்டிக்கொள்வது ‘முன் அனுபவம் தேவை’ என்ற வரியில்தான். சரி, அந்த அனுபவத்துக்கு எங்கே போவது? பலருக்கும் காட்டப்படும் வழி, சம்பளமில்லாத பயிற்சிப் பணி. 2015இல் ஜெனீவாவில் ஐ.நா. பயிற்சிக்கு வந்த நியூசிலாந்து இளைஞர் ஒருவர், வாடகை கட்ட வழியில்லை என்று சொல்லிக் கூடாரத்தில் தங்கியது உலகச் செய்தியானது. உலக சுகாதார நிறுவனம் போன்ற சில அமைப்புகள் அதன் பிறகு உதவித்தொகை தர முன்வந்தன. மற்றவர்களும் தர வேண்டும்.

அதைவிட என் மனதை உறுத்துவது உள்ளூர்ப் பணியாளர்களின் நிலைமை. ஒரு கிராமத்தில் அடிபம்பு போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எந்த இடத்தில் போட்டால் எந்தத் தெருப் பெண்கள் தண்ணீர் எடுக்க வரமாட்டார்கள், வாஷர் தேய்ந்தால் யார் மாற்றுவார், பராமரிப்புக் காசை யார் கையில் கொடுத்தால் ஊர் நம்பும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஓரிரு வருட ஒப்பந்தத்தில் வெளியிலிருந்து வரும் மேலாளருக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பதும் அவர்களே. அவர் கிளம்பியதும் அடுத்து வருபவருக்கு மறுபடி முதலிலிருந்து. அப்புறம் அதே உள்ளூர்க்காரர் இன்னொரு நாட்டில் ஒரு பதவிக்கு விண்ணப்பித்தால், ‘சர்வதேச அனுபவம் போதாது’ என்று ஒதுக்குகிறீர்கள். இது அநியாயம். நிவாரண, உதவிப் பணிகளில் உயிரிழக்கும் பணியாளர்களில் ஆண்டுதோறும் மிகப் பெரும்பாலோர் சொந்த நாட்டில் வேலை செய்தவர்கள்தான். ஆபத்தில் முன்னால் நிற்பவர்கள் பதவி உயர்வில் மட்டும் ஏன் பின்னால் நிற்க வேண்டும்?

உள்ளூருக்கு முன்னுரிமை தருவதாக நீங்கள் சொல்லாமல் இல்லை. போர், பேரிடர் உதவிக்கான மனிதாபிமான நிதியில் குறைந்தது 25 சதவீதம் 2020க்குள் உள்ளூர், தேசிய அமைப்புகளுக்குப் போய்ச் சேரும் என்று 2016இல் இஸ்தான்புல்லில் நடந்த மாநாட்டில் நிதி தரும் நாடுகளும் உதவி அமைப்புகளும் ஒப்புக்கொண்டன. கெடு முடிந்தும் அந்த இலக்கு எட்டப்படவில்லை.

2025இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு மூடப்பட்ட பிறகு கையில் பணமில்லை என்பீர்கள். உண்மைதான், பலர் வேலை இழந்து நிற்கிறார்கள். ஆனால் ஒருவரின் உழைப்பைச் சரியாக எடைபோடுவதற்குப் பணம் தேவையில்லை. அடுத்த அறிவிப்பிலேயே, சொந்த நாட்டில் செய்த களப்பணியும் வெளிநாட்டில் செய்த பணிக்குச் சமமாகக் கருதப்படும் என்று ஒரு வரி சேருங்கள். விண்ணப்பங்களை வடிகட்டுபவர்களுக்கும் அதை எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
இத்துறைக்கு வர விரும்புவோருக்காக எழுதும் ஒருவர்