ஈரத் துணிக்கு ஒரு காற்றாடும் பை

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து மறுபடியும் ஓட ஆரம்பித்திருக்கிறாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். இனி ஓடவே முடியாதோ என்று போன கடிதத்தில் நீ எழுதியிருந்தது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. உன் வீட்டுக்காரரும் கூடவே நடக்க வருகிறார் என்பது இன்னும் நல்ல செய்தி.

இங்கே எல்லோரும் நலம். பெரியவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். சின்னவன் நீச்சலில் இறங்கியிருக்கிறான். அதனால் நீ எழுதியிருந்த தொல்லை எங்கள் வீட்டிலும் தினமும் உண்டு. காலையில் ஓடி முடித்து, அங்கேயே உடை மாற்றிக்கொண்டு, நேராக வேலைக்குப் போய்விடுகிறாய். நனைந்த பனியனும் கால்சட்டையும் பிளாஸ்டிக் கவரில் சாயங்காலம் வரை கிடக்கின்றன. கவரைத் திறந்தால் குப்பென்று அடிக்கிறது. துவைத்தாலும் அந்த வாடை முழுசாகப் போவதில்லை. பையை மாற்றினால் தீருமா என்று கேட்டிருந்தாய். தீரும். ஆனால் அந்தப் பையை நாமே தைத்துக்கொள்வதுதான் நல்லது என்பது என் கட்சி. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

வியர்வை சுரக்கும்போது அதற்கு வாடை என்று பெரிதாக எதுவும் கிடையாது. தோலிலும் துணியிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் அதிலுள்ளவற்றைச் சிதைக்கும்போது உண்டாகும் பொருள்கள்தான் நாறுகின்றன. அவை பெருக ஈரம் வேண்டும், கதகதப்பு வேண்டும், நேரம் வேண்டும். வாய் கட்டிய கவர் மூன்றையும் தாராளமாகக் கொடுக்கிறது. போதாததற்கு நாம் போடுவதெல்லாம் பாலியஸ்டர். 2014இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 26 பேரை உடற்பயிற்சி சைக்கிளில் நன்றாக மிதிக்க வைத்து, அவர்கள் போட்டிருந்த பனியன்களை 28 மணி நேரம் அப்படியே வைத்திருந்து முகர்ந்து பார்க்கச் செய்தார்கள். பருத்தியைவிடப் பாலியஸ்டர்தான் மோசமாக நாறியது. மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா வகை பாலியஸ்டரில் தனியாகச் செழித்திருந்ததையும் கண்டார்கள். பாலியஸ்டர் இழை தண்ணீரை உள்ளே வாங்காது. உடம்பின் எண்ணெய்ப் பசையை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளும். துவைத்த பிறகும் ஒரு வாடை மிச்சம் இருப்பதற்கு அது ஒரு காரணம். அதற்காகப் பருத்திக்கு மாறு என்று சொல்ல மாட்டேன். பருத்தி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், காய நேரமாகும், ஈரத்தோடு கிடந்தால் பூஞ்சைப் புள்ளி விழும். எந்தத் துணியானாலும் அவிழ்த்த நிமிடத்திலிருந்து காய ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் என்னை யோசிக்க வைத்தது ஒரு கணக்கு. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சமாகச் சுமார் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். பயிற்சித் துணி வைக்கும் பை 20 லிட்டர் இருக்கும் என்று வைத்துக்கொள். அதற்குள் இருக்கும் காற்று எவ்வளவு வறண்டதாக இருந்தாலும் 0.6 கிராம் தண்ணீர் ஆவியானதும் நிரம்பிவிடும். நன்றாக நனைந்த பனியன் ஒன்றிலேயே 100 கிராம் தண்ணீர் சாதாரணமாக இருக்கும். அப்படியானால் மூடிய பைக்குள் துணி மெதுவாகக் காய்கிறது என்பதே சரியில்லை. அது காய்வதே இல்லை. பைக்குள் இருக்கும் காற்று நூற்றுக்கணக்கான முறை மாறினால்தான் அந்த ஒரு பனியன் காயும். கடைப் பைகளில் ரெயின்கோட் துணியால் உள்பக்கம் மூடி, ஓரத்தில் நாலு ஐலெட் ஓட்டை போட்டு ‘காற்றோட்ட அறை’ என்கிறார்களே, அந்த நாலு ஓட்டையால் என்ன ஆகும்? காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேற வழி வேண்டும். அதனால் இதைப் பை என்றே நினைக்காதே. தோளில் மாட்டிக்கொண்டு போகும் துணிக்கொடி என்று நினைத்துக்கொள். என்ன துணி, எவ்வளவு அகலம், எங்கே தையல் என்பதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

முதலில் அகலம். துணி சுருண்டு கிடந்தால் எத்தனை ஓட்டை இருந்தும் நடுவில் ஈரம் நிற்கும். அதனால் பை துணிகளைவிடப் பெரியதாக, தட்டையாக இருக்கட்டும். நான் தைத்தது 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம், அடியில் 12 செ.மீ. பருமன். உள்ளே ஒரு வலைத் தடுப்பு வைத்தேன். ஒரு பக்கம் பனியன், மறு பக்கம் கால்சட்டை. ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவிலும் காற்று போகிறது. அந்தத் தடுப்பை வைக்காமல் விட்டுவிடாதே. பையின் பாதிப் பயன் அதில்தான் இருக்கிறது.

அடுத்து துணி. பின்னல் வகை வலைத்துணி வாங்கு, நெய்த வகை வேண்டாம். பின்னல் வலையை வெட்டினால் ஓரம் பிரியாது. நெய்தது நூல் நூலாகக் கழன்று வரும். துணியின் மூலையைப் பிடித்துக் குறுக்காக இழுத்து, வெட்டிய ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கண் 2 அல்லது 3 மி.மீ. இருக்கட்டும். கொசுவலை போல மிகப் பொடியாக இருந்தால், ஈரத் துணி பட்டதும் ஒவ்வொரு கண்ணிலும் தண்ணீர் படலமாக நின்று அடைத்துக்கொள்ளும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் அந்தப் படலம் கண்ணாடித் துண்டு போல மினுங்கும். அது உடையும் வரை அந்தக் கண் வழியே காற்று போகாது.

வெட்ட வேண்டியது 55க்கு 95 செ.மீ. அளவில் ஒரே துண்டு. 95 செ.மீ. நீளத்தை நடுவில் மடித்தால் மடிப்புதான் அடிப்பக்கம். அடியில் தையலே வராது. தடுப்புக்கு 55க்கு 30 செ.மீ. இன்னொரு துண்டு. பிறகு 60 செ.மீ. நைலான் ஜிப் ஒன்று (உலோக ஜிப் வேண்டாம், வியர்வை உப்பு பட்டுப் பட்டு அரித்துவிடும்), ஓரம் கட்ட 2.5 செ.மீ. அகல பாலியஸ்டர் நாடா, கைப்பிடிக்குத் தண்ணீர் உறிஞ்சாத பாலிபுரோப்பிலீன் பட்டை. நூலும் பாலியஸ்டராகவே இருக்கட்டும். பருத்தி நூல் ஈரத்திலேயே கிடந்தால் இற்றுப்போகும். துணி நன்றாக இருக்கும், தையல் விட்டுவிடும்.

வலைத்துணியில் சாக் கோடு நிற்காது, தூள் கண் வழியே கொட்டிவிடும். காகித டேப்பை ஒட்டி அதன் மேல் கோடு போட்டுக்கொள். குண்டூசியும் நிற்காது; துணியை உலர்த்தும் கிளிப்பையே மாட்டிக்கொள்ளலாம். மெஷினில் 80 நம்பர் பால்பாயின்ட் ஊசி (முனை உருண்டையாக இருப்பது), தையல் நீளம் 3 மி.மீ. துணியை மேலிருந்து அமுக்கும் ஃபுட்டின் அழுத்தத்தைக் கொஞ்சம் குறை. துணியை அப்படியே வைத்துத் தைத்தால் கீழே இருக்கும் பல் வலையைக் கவ்வி உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் வலைக்கு அடியில் மெல்லிய காகிதம் ஒன்றை வைத்துத் தைக்க வேண்டும். ஆரம்பத்தில் மேல் நூல், பாபின் நூல் இரண்டின் நுனியையும் விரலால் இழுத்துப் பிடித்துக்கொள். ஊசி காகிதத்தைக் குத்தும்போது டக் டக் என்று ஒரு சத்தம் வரும். சத்தம் சீராக இருந்தால் தையலும் சீராக விழுகிறது என்று அர்த்தம். முடித்ததும் தையலின் இரு பக்கமும் காகிதத்தைக் கிழித்தால், கிழித்த தாள் நாடா மாதிரி வந்துவிடும். மிச்சம் இருப்பது முதல் சலவையில் போய்விடும்.

முறை மாறாமல் செய்தால் சுலபம். முதலில் பட்டையைத் தைத்துவிடு. பட்டை மேல் ஓரத்தில் மட்டும் தொங்கினால் பாரம் முழுக்க வலை மேல் விழுந்து கிழிந்துவிடும். ஒரு பக்கத்தின் மேலிருந்து இறங்கி, அடிப்பக்கத்தைத் தாங்கி, மறு பக்கம் ஏறிப் போகட்டும். மேலே பட்டை முடியும் இடத்தில் சதுரம் போட்டு நடுவில் குறுக்கும் நெடுக்கும் அடி. பட்டையின் நுனியைத் தீயில் லேசாகக் காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும். கையை மட்டும் பார்த்துக்கொள். அப்புறம் ஜிப்பை இரு பக்க மேல் ஓரத்திலும் தை. ஜிப்பைப் பாதி திறந்து வைத்துவிட்டு, உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து, தடுப்பை நடுவில் செருகாமல் ஒரு பக்கத்தின் மேலே பரப்பி (புரட்டினால் அது உள்ளே போய்விடும்), பக்கத் தையல் போடு. தடுப்பு மேலிருந்து 5 செ.மீ. இறங்கி ஆரம்பித்து, அடியைத் தொடாமல் நிற்க வேண்டும். தொட்டால் மூலை மடிக்கும்போது தையலில் மாட்டிக்கொள்ளும். தையலுக்கு 1.5 செ.மீ. போதும். வெட்டிய ஓரம் கையைக் கீறாமல் இருக்க நாடாவை இரண்டாக மடித்து அதன் மேல் கவ்வி அடித்துவிடு.

கடைசியாக மூலை. பக்கத் தையலும் அடி மடிப்பும் ஒன்றன் மேல் ஒன்றாக வரும்படி மூலையைப் பிடித்தால் முக்கோணம் கிடைக்கும். நுனியிலிருந்து 6 செ.மீ. தள்ளி அளந்தால் குறுக்கே சரியாக 12 செ.மீ. வரும். அந்தக் கோட்டில் ரிவர்ஸ் போட்டுக் கெட்டியாக இரண்டு தடவை தைத்து, முக்கோணத்தை வெட்டி, நாடா கட்டிவிடு. புரட்டிப் பார்த்தால் பை தானாக நிற்கும். இஸ்திரிப் பெட்டியை இதன் பக்கமே கொண்டுபோகாதே, வலை சுருங்கிவிடும். மடிப்பு படிய வேண்டுமானால் நகத்தால் தேய்த்தாலே போதும்.

உன்னிடம் மெஷின் இல்லை என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால் என்ன? பள்ளியில் தையல் டீச்சர் உன் காஜாவைத்தான் எல்லோருக்கும் எடுத்துக் காட்டுவார். இரட்டை நூலில் பின்தையல் போட்டுக் கையாலேயே இதைத் தைத்துவிடலாம். பாரம் தாங்கும் இடங்களில் மட்டும் நெருக்கிப் போடு.

இந்தப் பை சட்டையிலோ மற்ற பையிலோ ஈரம் படுத்தாதா என்று கேட்பாய். படுத்தும், ஒரு பக்கம் மறைப்பு இல்லாவிட்டால். உன் மேல் சாயும் பக்கத்துக்கு மட்டும் ரெயின்கோட் துணியை அந்த அளவுக்கு வெட்டி, மேல் ஓரத்தில் மட்டும் தைத்துக் கீழே தொங்க விடு. நான்கு பக்கமும் தைத்துவிட்டால் அந்தப் பக்கம் காற்று போகாது. தொங்கலாக இருந்தால் நடக்க நடக்க ஆடி விலகும். முதுகுப்பைகளில் முதுகுப் பக்கம் வைக்கிற தடிமனான பஞ்சு வலை கிடைத்தால் இன்னும் நல்லது. அதற்குள்ளேயே காற்று ஓடும். எதுவானாலும் இந்தப் பையை இன்னொரு பைக்குள் போட்டு மூடிவிடக் கூடாது. போட்டுவிட்டால் இவ்வளவு நேரம் சொன்னது எதற்கும் அர்த்தமில்லை. வெளியே கொக்கியில் மாட்டு. வேலை செய்யும் இடத்தில் மேசைக்குப் பக்கத்தில், ஜன்னலோ மின்விசிறியோ இருக்கும் இடமாகப் பார்த்து மாட்டு. உடன் வேலை செய்பவர்கள் முகம் சுளிப்பார்களோ என்று தயங்காதே. உடனே காய ஆரம்பித்த துணி அவ்வளவாக நாறாது.

அவிழ்த்ததும் ஒரு வேலை மட்டும் செய். உலர்ந்த துண்டை விரித்து, அதன் மேல் நனைந்த துணியைப் பரப்பி, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி முறுக்கு. நிறையத் தண்ணீர் துண்டுக்குப் போய்விடும். பை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். துண்டைத் தனியாகக் காயப்போடு. பயிற்சித் துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி பையில் போடு, வியர்வை தங்கியிருப்பது அந்தப் பக்கத்தில்தானே. காலணியை இதில் சேர்க்காதே, அதற்கு வேறு பை. வீட்டுக்கு வந்ததும் ஜிப்பை மூடி, துணியோடு பையையும் அப்படியே சலவை மெஷினில் போட்டுவிடலாம். துணி மென்மையாக்கும் திரவத்தைப் பயிற்சித் துணிக்குப் போடவே போடாதே. அது இழை மேல் படலமாகப் படிந்து, வியர்வையை வெளியே கடத்தும் குணத்தைக் கெடுத்துவிடும். பழைய வாடை ஏறிப்போன துணிகள் இந்தப் பையால் மட்டும் சரியாகிவிடாது. அவற்றை முதலில் சோப்பு நீரில் நன்றாக ஊறவைத்து எடு.

சின்னவன் நீச்சல் முடித்து வரும்போது இந்தப் பைதான் தோளில் தொங்குகிறது. முன்பெல்லாம் கதவுக்குப் பின்னால் ஈரத்தோடு சுருட்டி எறிந்துவிடுவான். இப்போது சொல்லாமலே கொடியில் மாட்டுகிறான். அவன் தம்பி மாதிரி நினைக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் ஒன்று கேட்டான், தைத்துக் கொடுத்தேன். பெரியவள் தனக்கு வேண்டாம் என்றவள், இப்போது கறுப்பு நிறத்தில் கிடைக்குமா என்று விசாரிக்கிறாள். ஒரு நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பதில் எனக்கு எப்போதும் ஒரு நிம்மதி உண்டு, கோமதி. வேறு எதையும் நினைக்கத் தோன்றாது.

வலைத்துணி நிறைய மிச்சம் இருக்கிறது. நீயே தைக்கிறாயா, நான் தைத்து அனுப்பட்டுமா, எழுது. நான் தைப்பதென்றால் நீ எந்தத் தோளில் மாட்டுவாய், உடம்போடு ஒட்டி வேண்டுமா, இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டுமா, துண்டையும் சேர்த்து வைப்பாயா என்றெல்லாம் சொல். துண்டும் வேண்டுமென்றால் பருமனை 12இலிருந்து 16 ஆக்குகிறேன். அதற்கு ஏற்ப 59க்கு 99 என்று வெட்ட வேண்டும், அடுத்த வாரத்துக்குள் தெரிந்தால் வசதி. வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல். முழங்காலைப் பார்த்துக்கொள், முதல் மாதத்திலேயே தூரத்தைக் கூட்டிவிடாதே.

அன்புடன்,
மல்லிகா